காயலில் குடியேறிய ஒரு குடும்பம்: கீஷ் தீவின் குதிரை வணிகர்களும் மறைந்துபோன அவர்களது குடியிருப்பும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், உப்பளங்களைத் தாண்டியதும் பழையகாயல் வருகிறது. தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள சிறிய ஊர். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் அணுசக்தித் துறையின் சிர்கோனியம் ஆலைதான் பலருக்கு நினைவு வரும். ஊருக்குள் நின்று பார்த்தால் கடல் தெரியாது. ஆனால் எழுநூறு ஆண்டுகளுக்கு முன் காயல் என்ற பெயர் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவுக்குத் தெரிந்திருந்தது. ஷீராஸில் உட்கார்ந்து வரிக்கணக்கு எழுதிய அதிகாரிக்குத் தெரிந்திருந்தது. சீனப் பேரரசின் அரசாங்க வரலாற்றிலும் அது பதிவாகியிருக்கிறது.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இருக்கும் நமக்குக் காயலோடு என்ன தொடர்பு என்று கேட்கலாம். மலையடிவார ஊர்க்காரர்களான நம் ஜமாஅத்துகளில் 'இராவுத்தர்' என்ற பட்டப்பெயர் தாங்கிய குடும்பங்கள் உண்டு. தமிழில் இராவுத்தன் என்றால் குதிரை வீரன். அருணகிரிநாதர் முருகனையே அந்தச் சொல்லால் அழைத்திருக்கிறார். நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் கதையில் பாண்டியனிடம் குதிரை கொண்டுவரும் வணிகன் கோலத்தில் வருவது சிவபெருமான். பாண்டிய நாட்டில் குதிரை என்றாலே கடல் வழியாக வந்தவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 'எங்கள் முன்னோர் அரபு நாட்டிலிருந்து குதிரை கொண்டுவந்தவர்கள்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்று பார்க்க வேண்டுமானால், பெயரும் ஆண்டும் தொகையும் எழுத்தில் இருக்கிற ஒரு குடும்பத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. அந்தக் குடும்பம் தீபீ குடும்பம்.

கீஷ் என்பது பாரசீக வளைகுடாவில், ஈரான் கரையை ஒட்டியுள்ள சிறிய தீவு. அரபுகள் கைஸ் என்பார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தத் தீவையும் அதன் கடல் வணிகத்தையும் தம் கையில் வைத்திருந்தவர் ஜமாலுத்தீன் இப்ராஹீம் இப்னு முஹம்மது அத்தீபீ. 'மலிக்குல் இஸ்லாம்' என்பது அவருடைய பட்டம். அப்போது ஈரானை மங்கோலியர்களான ஈல்கான்கள் ஆண்டார்கள். 1292ஆம் ஆண்டில் ஃபார்ஸ் மாகாணத்தின் வரியை வசூலிக்கும் குத்தகையையே இவர் எடுத்தார் என்றால் இவரிடம் இருந்த பணத்தை ஊகித்துக்கொள்ளலாம். இவருடைய சகோதரர் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் நம் கரையில் இருந்தார். அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் சரக்கு புறப்படும் இடத்திலும், மற்றவர் சரக்கு இறங்கும் இடத்திலும் அமர்ந்துகொண்டார்கள். குடியிருப்பின் கதை இதில்தான் அடங்கியிருக்கிறது.

தமிழகக் கரைக்கு அரபு வணிகர்கள் அதற்கு முன்பே வந்தவர்கள்தாம். பட்டினப்பாலையே கடல் வழி வந்த குதிரைகளைப் பேசுகிறது. அரபுகள் நம் கரையை 'மஅபர்' என்றார்கள். கடந்து செல்லும் இடம் என்பது அதன் பொருள். கொல்லத்திலிருந்து நெல்லூர் வரை நீண்ட கரை அது. அதுவரை வணிகர்கள் காற்றுக்கு வந்து காற்றுக்குப் போனவர்கள். ஒரு பருவக்காற்றில் வந்தால் அடுத்த பருவக்காற்று வரும்வரை மாதக்கணக்கில் தங்கியாக வேண்டும். தங்குகிறவனுக்கு வீடு வேண்டும், தொழப் பள்ளி வேண்டும், தகராறு வந்தால் தீர்க்கக் காழி வேண்டும், குதிரைக்கு லாயமும் தீவனமும் வேண்டும். இவற்றையெல்லாம் அரசனிடம் பேசி உறுதிசெய்ய ஓர் ஆள் நிரந்தரமாக வேண்டும். தீபீ குடும்பம் அந்த இடத்தை நிரப்பியது.

இதையெல்லாம் நமக்குச் சொல்பவர் வஸ்ஸாஃப் என்ற பெயரால் அறியப்படும் அப்துல்லாஹ் இப்னு ஃபழ்லுல்லாஹ். ஷீராஸ்காரர். 1312இல் தம் வரலாற்று நூலை ஈல்கான் உல்ஜாய்த்துவிடம் சமர்ப்பித்தார். வஸ்ஸாஃப் என்றாலே புகழ்ந்துரைப்பவர் என்று பொருள். பெயருக்கேற்ற நடைதான். கொஞ்சம் பாரசீகம் படித்திருந்தாலும் ஒரு பக்கத்தைத் தாண்டுவதற்குள் நமக்குத் தலை சுற்றிவிடும். ஆனால் மனிதர் ஃபார்ஸ் மாகாணத்தின் வரி அலுவலர். தீபீகளின் கணக்கு அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆகவே அவருடைய உவமைகளை ஒதுக்கிவிட்டு எண்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பாண்டிய மன்னனுக்கும் ஜமாலுத்தீனுக்கும் ஓர் உடன்பாடு இருந்தது. ஆண்டுக்கு 1,400 குதிரைகளை ஜமாலுத்தீன் தம் சொந்த வளர்ப்பிலிருந்து அனுப்ப வேண்டும். கத்தீஃப், அல்அஹ்ஸா, பஹ்ரைன், ஹுர்முஸ், கல்ஹாத் போன்ற இடங்களிலிருந்து முடிந்த அளவு மற்றக் குதிரைகளும் வர வேண்டும். விலை ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தீனார். அவருடைய சொந்தக் குதிரைகளுக்கு மட்டும் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 3,08,000 தீனார் வருகிறது. இதற்கு முந்தைய தலைமுறையில், ஃபார்ஸை ஆண்ட அத்தாபக் அபூபக்ரின் காலத்தில், மஅபர், கம்பாயத் முதலிய துறைகளுக்குப் போன குதிரைகள் ஆண்டுக்கு 10,000. அதன் மதிப்பு 22 இலட்சம் தீனார் என்கிறார் வஸ்ஸாஃப். 1292 வாக்கில் சீனாவிலிருந்து திரும்பும் வழியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய சகோதர மன்னர்கள் ஐவரும் ஆளுக்கு ஏறத்தாழ 2,000 குதிரைகள் ஆண்டுதோறும் வாங்கினார்கள் என்கிறார். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே பத்தாயிரத்துக்கு வந்து சேர்கிறார்கள். எண் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். வணிகத்தின் அளவு அதுதான்.

இந்தத் தொகை எங்கிருந்து வந்தது? கோயில் நிலங்களின் வருமானத்திலிருந்தும், கோயில்களோடு இணைந்திருந்த தேவதாசிகள் மீதான வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டது என்று வஸ்ஸாஃப் எழுதுகிறார். அதாவது பாண்டிய நாட்டின் உள்ளூர்களில் விளைந்த நெல்லின் ஒரு பங்கு காயலில் குதிரையாக இறங்கியது.

இவ்வளவு குதிரைகள் ஆண்டுதோறும் ஏன் தேவைப்பட்டன என்பதற்குப் பதில் கொஞ்சம் வருத்தமானது. வந்தவை பிழைக்கவில்லை. இந்தச் சூட்டில் அவற்றுக்கு எதைக் கொடுப்பது என்று நம் ஆட்களுக்குத் தெரியவில்லை. வறுத்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்தார்கள் என்று வஸ்ஸாஃப் குறிப்பிடுகிறார். ஆண்டு முடியும்போது நூறு குதிரைகூட மிஞ்சாது என்கிறார் மார்க்கோ போலோ. அதோடு இன்னொன்றும் சொல்கிறார்: குதிரை வைத்தியம் தெரிந்த இலாடக்காரர்களை வணிகர்கள் இங்கே கொண்டுவருவதில்லை, வரவும் விடுவதில்லை, குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்.

வணிகர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதற்காக இதை நாம் மறைக்கக் கூடாது. உடன்பாட்டில் மற்றொரு விதியும் இருந்தது. வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் மன்னனின் கருவூலம் விலை கொடுக்க வேண்டும். மதரஸாவில் வியாபாரப் பாடம் ஓதிய எவருக்கும் இந்த இடம் இடறும். வாங்கியவர் கைக்கு வருமுன் சரக்கு அழிந்தால் நஷ்டம் விற்றவரைச் சேரும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளின் நூல்களிலும் உள்ள சட்டம். மலிக்குல் இஸ்லாம் என்ற பட்டம் தாங்கியவர் அதற்கு நேர்மாறாக எழுதி வாங்கியிருக்கிறார். வாங்குபவனுக்கு அவசரம் இருந்தது, விற்பவருக்குப் போட்டியில்லை. சீனா, இந்தியச் சரக்குகளிலும் இதே நிலைதான். மஅபருக்கு வரும் பொருளில் ஜமாலுத்தீனின் ஆட்கள் முதலில் பொறுக்கி எடுத்த பிறகே மற்ற வணிகர்கள் வாங்க முடியும்.

தகீயுத்தீன் இங்கு வெறும் வணிக முகவராக இருக்கவில்லை. சுந்தர பாண்டியன் அவரைத் தம் அமைச்சராகவும் ஆலோசகராகவும் வைத்துக்கொண்டு மூன்று துறைமுகங்களின் நிர்வாகத்தை ஒப்படைத்தார் என்று ஈல்கான்களின் அமைச்சரும் வரலாற்றாசிரியருமான ரஷீதுத்தீன் எழுதியிருக்கிறார். ஃபத்தன், மலீ ஃபத்தன், காயல் என்பவை அந்த மூன்று. பட்டினம் என்ற தமிழ்ச் சொல்தான் அரபுகளின் நாவில் ஃபத்தன் ஆயிற்று. தகீயுத்தீனுக்குப் பின் அவருடைய மகன் சிராஜுத்தீன், அவருக்குப் பின் பேரன் நிஜாமுத்தீன் என்று பொறுப்பு மூன்று தலைமுறை ஒரே வீட்டில் நின்றது. பாண்டியர்களுக்கு இதில் நட்டமில்லை. குதிரைக்காரனையே துறைமுகத் தலைவனாக்கினால் குதிரை தடையின்றி வரும். சுங்கம் கணக்காக வரும்.

காயலை ஆண்டவரைப் பற்றி மார்க்கோ போலோ உயர்வாகவே பேசுகிறார். நீதியாக ஆள்கிறார், வெளிநாட்டு வணிகர்களை மதிக்கிறார், அதனால் ஹுர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து வரும் கப்பல்களெல்லாம் இங்கே விரும்பி வருகின்றன என்கிறார். ஊரார் ஓயாமல் வெற்றிலை மெல்வதையும் அவர் கவனிக்கத் தவறவில்லை.

இனி, நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு செய்திக்கு வருவோம். '1293இல் சுந்தர பாண்டியன் இறந்ததும் சையது ஜமாலுத்தீன் பாண்டிய நாட்டின் அரியணை ஏறினார். பாண்டிய நாட்டை ஒரு முஸ்லிம் ஆண்டார்' என்பது அந்தச் செய்தி. நம்மவர் எழுதிய சில நூல்களிலும் இது இடம்பெற்றிருக்கிறது. இது எங்கிருந்து வந்தது என்று தேடினால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எலியட், டௌசன் இருவர் பெயரில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுப்பில் ரஷீதுத்தீன் கூற்றாக உள்ள ஒரு வரியில் போய் நிற்கிறது. மன்னருக்குப் பின் ஜமாலுத்தீன் வந்தார், ஏழாயிரம் எருதுகள் சுமந்த செல்வம் அவருக்குக் கிடைத்தது என்று பொருள்படும் வரி அது.

அதே செய்தி வஸ்ஸாஃபிடமும் இருக்கிறது. அங்கே வாசகம் வேறு. ஹிஜ்ரி 692இல் மன்னர் இறந்தார். அவருக்குப் பின் வந்த சகோதரருக்கு ஏழாயிரம் எருதுச் சுமை தங்கமும் மணிகளும் கிடைத்தன. இதை ஜமாலுத்தீன் அறிவித்தார். அதாவது இந்த அறிவிப்பில் ஜமாலுத்தீன் ராவி. செய்தியைச் சொன்னவர், செல்வத்தைப் பெற்றவர் அல்லர். ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இரண்டு அறிவிப்புகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. ராவியின் பெயர் செய்தியின் உள்ளே நழுவி விழுந்து அவரே கதாநாயகராகிவிடுவது நமக்குப் பழக்கமான பிழை. தகீயுத்தீன் முன்போலவே அமைச்சராகத் தொடர்ந்தார் என்று வஸ்ஸாஃப் முடிக்கிறார். நாட்டை உண்மையில் ஆண்டதே அவர்தான் என்று ஒரு புகழுரையும் சேர்க்கிறார். அது அவர் தொழில்.

கல்வெட்டும் இதற்குத் துணை நிற்கிறது. 1268இல் பட்டம் ஏறிய முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியனின் ஆட்சியாண்டுகள் நாற்பதைத் தொடுகின்றன. 1293க்குப் பிறகும் அவர் பெயரால் கல்வெட்டுகள் வெட்டப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. பாண்டியர்கள் பலர் ஒரே காலத்தில் ஆளுக்கொரு பகுதியை ஆண்டவர்கள். ஒருவர் இறந்தால் இன்னொருவர் இருந்தார். இடையில் கீஷ்காரர் ஒருவர் அரியணை ஏற இடமே இல்லை. ஜமாலுத்தீன் 1306இல் இறக்கும்வரை அவருடைய கவலையெல்லாம் ஈல்கான்களுக்குக் கட்ட வேண்டிய வரிப்பாக்கியைப் பற்றியதாகவே இருந்தது.

முடி சூட்டாததால் அந்தக் குடும்பம் சிறுத்துப் போகவில்லை. மன்னன் வேறு மதம், வேறு மொழி. அவன் கோயில் வருமானத்தில் பணம் கொடுக்கிறான். துறைமுகத்தின் சாவியையும் கொடுக்கிறான். மூன்று தலைமுறை அந்த நம்பிக்கை முறியவில்லை. அரசராக்கிக் காட்டுவதைவிட இந்த நடப்பு நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இதே காலத்தில் இதே அரசவையில் இன்னொரு முஸ்லிம் குடும்பமும் இருந்தது. ஓமான் கரையிலுள்ள கல்ஹாத்திலிருந்து வந்த குடும்பம். அதன் தலைவரான அபூஅலீயை, சகோதரர்களாக ஆண்ட ஐந்து பாண்டிய மன்னர்களும் 'ஆறாவது சகோதரர்' என்று அழைத்தார்கள். நம்மவர் இட்டுக்கட்டியதன்று இது. சீனாவில் யுவான் காலத்து அறிஞர் லியூ மின்சோங் எழுதிய கல்லறைக் கல்வெட்டு வாசகத்தில் உள்ளது. அபூஅலீயின் மகன் சையித் குப்லாய் கானுக்குத் தூதும் பரிசும் அனுப்பி உறவு வைத்தார். 1291இல் தம் ஆட்கள் நூறு பேருடன் சீனாவுக்கே போய்விட்டார். குப்லாய் அவருக்குக் கொரியப் பெண் ஒருவரை மணமுடித்து வைத்தார். 1299இல் தலைநகரில் இறந்த அவருடைய உடல் குவான்சோ துறைமுகத்துக்குக் கொண்டுபோய் அடக்கப்பட்டது. இதற்கெல்லாம் முன், 1281இல், கொல்லம் போகப் புறப்பட்ட சீனத் தூதர் யாங் திங்பி காற்று வாய்க்காமல் மஅபர் கரையில் இறங்கினார். பாண்டிய சகோதரர்கள் ஐவரும் கொல்லத்தின் மீது போர் தொடுப்பது பற்றிப் பேச ஓரிடத்தில் கூடியிருப்பதாக அவருக்குச் சொல்லப்பட்டது. அந்த இடத்தின் பெயரைச் சீன வரலாறு 'ஜியாயி' என்று எழுதுகிறது. காயல் என்பதன் சீன உச்சரிப்பு என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

தீபீகளும் சீனாவரை போனார்கள். ஜமாலுத்தீனின் மகன் ஃபக்ருத்தீன் அஹ்மது, ஈல்கான் காஸானின் தூதராக 1297இல் கடல் வழியே புறப்பட்டார். யுவான் அரசவையில் மரியாதை பெற்றார், அங்கே மணமும் முடித்தார், சில ஆண்டுகள் கழித்துச் சரக்குகளோடு திரும்பினார். மஅபரை அடைய இன்னும் இரண்டு நாள் பயணம் இருக்கையில் ஹிஜ்ரி 704இல் கடலிலேயே இறந்தார். கரைக்குக் கொண்டுவந்து அவருடைய சிறிய தந்தையின் கபுருக்கு அருகில் அடக்கினார்கள். ஆகவே தகீயுத்தீனும் அதற்குள் இந்த மண்ணில் அடங்கியிருந்தார் என்று தெரிகிறது. அமைச்சராக வந்தவர் ஊர் திரும்பவில்லை. தூதராகப் போனவரும் திரும்பவில்லை. அடுத்த ஆண்டுகளில் தந்தை ஜமாலுத்தீனும் கண் மூடினார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1310இல் குலசேகர பாண்டியனை அவருடைய மகன் சுந்தர பாண்டியனே கொன்றான் என்கிறார் வஸ்ஸாஃப். சுந்தரனும் வீரனும் வாரிசுப் போரில் இறங்கினார்கள். 1311இல் டில்லி சுல்தான் அலாவுத்தீனின் தளபதி மாலிக் காஃபூர் பாண்டிய நாட்டுக்குள் புகுந்தார். அந்தப் படையெடுப்பை எழுதிய கவிஞர் அமீர் குஸ்ரூ, நமக்குக் கவனிக்கத்தக்க ஒன்றைச் சொல்கிறார். பாண்டியன் படையில் முஸ்லிம்கள் இருந்தார்கள். டில்லிக்காரர் பார்வையில் அவர்கள் மார்க்கத்தைச் சரியாகப் பேணாத பாதி இந்துக்கள். ஆனாலும் கலிமா சொல்லத் தெரிந்ததால் உயிரோடு விடப்பட்டார்கள். டில்லிப் படையும் முஸ்லிம் படை, எதிரே பாண்டியனுக்காக நின்றவர்களிலும் முஸ்லிம்கள். இந்த மண்ணோடு அவர்களுக்கு என்ன உறவு இருந்தது என்பதை அமீர் குஸ்ரூ விரும்பாமலே பதிவு செய்துவிட்டார். இராவுத்தர் என்ற பெயரின் வேரைத் தேடுகிறவர்கள் கீஷ் தீவுக்குப் போகுமுன் இந்த வீரர்களிடம் சற்று நிற்பது நல்லது. குதிரையை விற்றவர்கள் சில குடும்பங்கள்; குதிரை மேல் ஏறிப் போரிட்டவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்.

தீபீகளின் வணிகம் இரண்டு முனைகளில் நின்றது. இங்கே பாண்டியனின் கருவூலம் சிதறியது. அங்கே ஹுர்முஸ் வளர்ந்தது. 1330 வாக்கில் ஹுர்முஸின் அரசர் குத்புத்தீன் தஹம்தன் கீஷைக் கைப்பற்றினார். வாங்குபவனும் போனான், அனுப்பும் துறையும் போயிற்று. ஒரே குடும்பத்தின் உடன்பாட்டில் தொங்கிய குடியிருப்பு அதன்பின் அந்தக் குடும்பத்தின் பெயரால் எங்கும் பேசப்படவில்லை. மதுரை சுல்தான்கள் காலத்தில் இங்கு வந்த இப்னு பத்தூத்தா ஃபத்தன் துறைமுகத்தைப் பார்த்தார். கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசலையும் அங்கே விளைந்த திராட்சை, மாதுளையையும் குறிப்பிடுகிறார். தீபீகளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஊர் என்ற அளவில் காயல் இன்னும் இரண்டு நூற்றாண்டு தாங்கியது. போர்ச்சுகீசியர் பார்போசா 1516 வாக்கில் எழுதியபோது இங்கே செல்வாக்குள்ள சோனக வணிகர் ஒருவர் முத்துக்குளிப்பின் வரி உரிமையை வைத்திருந்தார். அரசனுக்கு இணையான மதிப்பு அவருக்கு இருந்தது. முஸ்லிம்களின் வழக்குகளை அரசன் தலையிடாமல் அவரே தீர்த்தார். வீடு மாறியது, முறை மாறவில்லை. அதன்பின் முத்துக்குளித்துறை போர்ச்சுகீசியர் கைக்குப் போயிற்று.

ஆனால் காயலை முடித்து வைத்தது எந்தப் படையும் அல்ல, தாமிரபரணி. மலையிலிருந்து வரும் ஆறு ஆண்டுதோறும் வண்டலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் போடுகிறது. கரை கடலுக்குள் நகர்கிறது. சங்க காலத்தில் முத்துத் துறையாக இருந்த கொற்கை இப்படித்தான் உள்நாட்டு ஊராயிற்று. கொற்கைக்குப் பின் காயல். காயலும் தூர்ந்தபின் ஆற்றின் புதிய வாயிலில் புன்னைக்காயல். அதற்கும் பின் தூத்துக்குடி. ஆழம் போனால் கப்பல் வராது. கப்பல் வராத இடத்தில் கப்பல்காரன் குடியிருக்க மாட்டான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்டுவெல் இந்த இடத்தை ஆராய்ந்தார். மார்க்கோ போலோ சொன்ன காயல் பழையகாயல்தான் என்றார். பல மைல் பரப்புக்கு நிலமெங்கும் உடைந்த ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் சிதறிக் கிடந்ததைக் கண்டார். அங்கே அப்போது வாழ்ந்தவர்கள் கொஞ்சம் லெப்பைக் குடும்பங்களும் கத்தோலிக்க மீனவர்களும். 1881இல் வெளியான அவருடைய திருநெல்வேலி வரலாற்றில் இந்த இடம் விரிவாகப் பேசப்படுகிறது. பின்னாளில் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா, நம் பேராசிரியர் எ. சுப்பராயலு முதலியோர் தமிழகக் கரையோர ஊர்களில் சீனப் பீங்கான் தேடியபோது பழையகாயலும் அவர்கள் பட்டியலில் இருந்தது. தெற்கே சில மைல் தள்ளி இன்றும் உயிரோடிருக்கும் காயல்பட்டினத்தார், அந்தப் பழைய காயல் தங்கள் ஊரே என்பார்கள். அந்த வழக்கு நம்மால் தீராது. இரண்டு ஊரும் ஒரே ஆற்றின், ஒரே வணிகத்தின் பிள்ளைகள்.

காயல்பட்டினத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வேணாட்டு அரசன் உதயமார்த்தாண்டன் பெயரால் அங்குள்ள பள்ளிவாசல் உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றதையும், காழி அபூபக்கருக்கு உதயமார்த்தாண்டக் காதியார் என்ற பட்டம் தரப்பட்டதையும், துறைமுக வருமானத்தில் பள்ளிக்குப் பங்கு ஒதுக்கியதையும் அது சொல்கிறது. தீபீகளின் உடன்பாட்டைவிட இதில் பணம் மிகக் குறைவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது ஒரு வீட்டுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதல்ல, பள்ளிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. கல்லும் இருக்கிறது, அதைச் சுற்றி ஊரும் இருக்கிறது.

நம் குடும்பங்கள் விடுமுறையில் காயல்பட்டினத்து உறவினர் வீட்டுக்கோ, திருச்செந்தூர்க் கடற்கரைக்கோ போவது வழக்கம். இராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில், திருநெல்வேலி வழியாகத் தூத்துக்குடி போய்த் திரும்பினால் பழையகாயல் வழியிலேயே வந்துவிடும். ஒரு மணி நேரம் இறங்கிப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கொற்கையும் பக்கத்தில்தான், 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே தோண்டியிருக்கிறது. வயல் ஓரத்தில் பீங்கான் சில்லோ பழைய காசோ கண்ணில் பட்டால் நினைவுப் பொருளாக எடுத்து வந்துவிட வேண்டாம். கிடந்த இடத்தைவிட்டு நகர்ந்த சில்லால் ஆய்வாளருக்குப் பயன் குறைவு. காசு முதலிய புதையல் பொருள் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னாலே அவர் மேலே அனுப்பிவிடுவார்.